கூலியை எதைக் கொண்டு அளப்பது? சம்பளக் கமிஷன் தரும் பாடம்

மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரச் சிற்றூர் ஒன்றுக்கு ஜும்ஆ பயானுக்காகப் போயிருந்தேன். அஸருக்குப் பின் ஜமாஅத் கூட்டம் நடந்தது. என்னையும் உட்காரச் சொன்னார்கள். அன்று பேச வேண்டியிருந்த விஷயம் ஒன்றே ஒன்றுதான்: மோதினாரின் சம்பளம்.

நான்கு ஆண்டுகளாக அவருக்கு ஒரு ரூபாய் கூட ஏறவில்லை. ஐந்து வேளை பாங்கு, பள்ளியைக் கூட்டிக் கழுவுதல், ஹவுழில் தண்ணீர் நிரப்புதல், ஊரில் மௌத் விழுந்தால் குளிப்பாட்டக் கூட நிற்பது, இத்தனையும் அவர் பொறுப்பு. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். “கட்டவில்லை, கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள்” என்று கேட்டிருக்கிறார்.

கமிட்டியில் ஒருவர் சொன்னார்: “இவருக்குக் கட்டாது என்றால் போகட்டும் ஹஜ்ரத். இதே சம்பளத்துக்கு நாளைக்கே வேறு ஆள் வருவார்.”

சொன்னவர் கெட்ட மனிதர் அல்லர். பள்ளிக்கு வாரி வழங்குகிறவர். உலகத்தில் எல்லாரும் பார்க்கும் கணக்கைத்தான் அவரும் பார்த்தார். ஆனால் ஜன்னலுக்கு வெளியே மோதினார் தண்ணீர் நிரப்பிக் கொண்டிருந்தார். அந்தச் சொல் அவர் காதிலும் விழுந்திருக்கும்.

அப்போது ஓரத்தில் இருந்த பெரியவர் ஒருவர் வாய் திறந்தார். கல்பாக்கத்தில் மத்திய அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். “வேறு ஆள் வருவாரா என்பது ஒரு கணக்கு, இவர் குடும்பம் நடக்குமா என்பது இன்னொரு கணக்கு பாய். எங்களுக்குச் சம்பளம் போட்ட கமிஷன் இரண்டாவது கணக்கைத்தான் முதலில் போட்டது” என்றார்.

அந்த ஒரு பேச்சு என்னைச் சிந்திக்க வைத்தது. அவரிடம் கேட்டுத் தெரிந்ததையும், பிறகு படித்துத் தெரிந்ததையும் நம் வீடுகளுக்குப் பாடமாக இங்கே தருகிறேன்.

சம்பளக் கமிஷன் என்பது என்ன?

அரசாங்கம் தன்னிடம் வேலை பார்ப்பவருக்குத் தானே சம்பளம் நிர்ணயித்தால் ஒருபக்கமாகப் போய்விடும். வேலை பார்ப்பவரே நிர்ணயித்தாலும் அப்படித்தான். ஆகவே ஏறத்தாழப் பத்து ஆண்டுக்கு ஒருமுறை மத்திய அரசு ஒரு குழுவை அமைக்கிறது. பெரும்பாலும் ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர் அதன் தலைவராக இருப்பார். ஊழியர் சங்கங்கள் தங்கள் கோரிக்கைகளை எழுதிக் கொடுக்கும். இலாகாக்கள் தங்கள் தரப்பைச் சொல்லும். குழு விலைவாசியைப் பார்க்கும், வேலையின் தன்மையைப் பார்க்கும், கஜானாவின் நிலையையும் பார்க்கும். பிறகு அறிக்கை தரும். அந்த அறிக்கை ஆலோசனைதான். ஏற்பதும் திருத்துவதும் மந்திரிசபையின் கையில் இருக்கிறது.

முதல் கமிஷன் 1946இல் அமைந்தது. சென்னை உயர்நீதிமன்றத்திலும் பின்னர் ஃபெடரல் கோர்ட்டிலும் நீதிபதியாக இருந்த சீனிவாச வரதாச்சாரியார் அதற்குத் தலைவர். 1947இல் அறிக்கை தந்தார்கள். கடைநிலை ஊழியருக்கு மாதம் 55 ரூபாய்: அடிப்படைச் சம்பளம் 30, பஞ்சப்படி 25. 1959இல் இரண்டாம் கமிஷன் அதை 80 ஆக்கியது. 1973இல் மூன்றாம் கமிஷனின் அறிக்கைக்குப் பின் அரசு 196 ரூபாய் என்று முடிவு செய்தது. 1986இல் 750. 1997இல், நம் தமிழ்நாட்டைச் சேர்ந்த நீதிபதி இரத்தினவேல் பாண்டியன் தலைமையிலான ஐந்தாம் கமிஷனின் அறிக்கைக்குப் பின் 2,550. ஆறாம் கமிஷனின் 2008ஆம் ஆண்டு அறிக்கைக்குப் பின் 7,000. ஏழாம் கமிஷன் 2015இல் தந்த அறிக்கைப்படி 2016 ஜனவரி 1 முதல் 18,000. எட்டாம் கமிஷன் நீதிபதி ரஞ்சனா பிரகாஷ் தேசாய் தலைமையில் அமைந்தது. அதன் ஆய்வு வரம்புகளுக்கு 2025 அக்டோபரில் மந்திரிசபை ஒப்புதல் தந்து, அறிக்கைக்கு 18 மாதத் தவணையும் கொடுத்தது.

55இலிருந்து 18,000 என்றதும், ‘சர்க்கார் ஊழியருக்கு என்ன குறை?’ என்று கேட்பவர் உண்டு. தொகை மட்டும்தானா ஏறியது? அரிசியும் எண்ணெயும் வாடகையும் கூடவே ஏறின. ஆகவே தொகையைப் பார்த்துப் பயனில்லை. அந்தத் தொகை எப்படிப் பிறந்தது என்பதையே பார்க்க வேண்டும்.

இரண்டு அளவுகோல்கள்

பிரிட்டிஷ் ஆட்சியில் 1912இல் இஸ்லிங்டன் பிரபுவின் தலைமையில் ஒரு கமிஷன் அமைந்தது. சம்பளத்துக்கு அவர்கள் சொன்ன இலக்கணம் இது: தகுதியான ஆள் வேலைக்கு வருவதற்கும், வந்தவர் ஓரளவு கௌரவமாக வாழ்ந்து லஞ்சத்தில் விழாமல் திறமையாக வேலை பார்ப்பதற்கும் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு கொடு, அதற்கு மேல் கொடுக்காதே. மேல் பதவிகளுக்கு இது பொருந்தலாம். கடைநிலைக்கு இதைக் கொண்டு வந்தால் என்ன ஆகும்? பசித்த நாட்டில் எவ்வளவு குறைத்தாலும் ஆள் வரத்தான் செய்வான். பசி வந்தவனுக்குப் பேரம் பேசும் வலிமை ஏது?

இதனால்தான் 1947இல் வரதாச்சாரியார் கமிஷன், கடைநிலை ஊழியரின் சம்பளத்தை ஆள் கிடைக்கும் விலையால் தீர்மானிக்கக் கூடாது, அது வாழப் போதுமானதாக இருக்க வேண்டும் என்ற பக்கம் நின்றது. கமிட்டியில் நம் சகோதரர் பேசியது இஸ்லிங்டன் கணக்கின் ஒரு பாதி. ஓய்வு பெற்ற பெரியவர் பேசியது 1947இன் கணக்கு.

அரிசி முதல் துணி வரை

வாழப் போதுமானது என்று சொல்லிவிடலாம். எவ்வளவு போதும் என்று யார் சொல்வது? 1957இல் அரசு, முதலாளிகள், தொழிலாளர் ஆகிய முத்தரப்பும் கூடிய பதினைந்தாவது இந்தியத் தொழிலாளர் மாநாடு ஒரு வழி சொன்னது. உணவுக்கு டாக்டர் ஐக்ராய்ட் வகுத்த அளவை எடுத்துக் கொண்டார்கள். இவர் 1935 முதல் பத்தாண்டுகள் நம் நீலகிரி மாவட்டத்துக் குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தின் இயக்குநராக இருந்தவர். உழைக்கும் மனிதனுக்கு ஒரு நாளுக்கு என்ன சத்து வேண்டும் என்று ஆராய்ந்தவர்.

குடும்பம் என்றால் கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். உண்ணும் அளவில் கணவனை 1 என்றும், மனைவியை 0.8 என்றும், பிள்ளைகளைத் தலைக்கு 0.6 என்றும் வைத்தார்கள். கூட்டினால் 3. மனைவி மக்களின் சம்பாத்தியத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. துணி ஆண்டுக்கு 72 கஜம். குடியிருக்க வீட்டு வாடகை. அடுப்பெரிக்க, விளக்கெரிக்க, சில்லறைச் செலவுக்கு மொத்தத்தில் நூற்றுக்கு 20. பின்னர் 1991இல், சென்னை மருந்துத் தொழிற்சாலை ஒன்றின் தொழிலாளர் வழக்கில், பிள்ளைகளின் படிப்பு, வைத்தியம், பண்டிகை, திருமணம், முதுமை ஆகியவற்றுக்கு நூற்றுக்கு 25 சேர வேண்டும் என்று உச்சநீதிமன்றம் கூறியது.

ஏழாம் கமிஷன் 18,000 ரூபாய்க்கு வந்த வழியைப் பாருங்கள். நாள் ஒன்றுக்கு ஓர் அளவு ஆளுக்கு அரிசி அல்லது கோதுமை 475 கிராம். குடும்பத்தின் 3 அளவுக்கு 30 நாளைக்கு 42¾ கிலோ. பருப்பு 80 கிராம் வீதம் மாதம் 7.2 கிலோ. பால் 200 மில்லி வீதம் 18 லிட்டர். எண்ணெய் 40 கிராம் வீதம் 3.6 கிலோ. இவற்றோடு கீரை, காய், பழம், சர்க்கரை, மீன், இறைச்சி, முட்டை, சோப்பு, மாதம் ஐந்தரை மீட்டர் துணி. சிம்லாவில் உள்ள தொழிலாளர் அலுவலகம் திரட்டும் விலைகளைப் போட்டுக் கூட்டியபோது 9,218 ரூபாய் வந்தது.

எரிபொருள், மின்சாரம், தண்ணீர்ச் செலவு சேர்ந்தபோது 11,522. திருமணம், பண்டிகை போன்றவைக்கு நூற்றுக்கு 15 சேர்ந்து 13,556. பிள்ளைகளின் படிப்புக்கும் வைத்தியத்துக்கும் அரசு வேறு வகையில் தருவதால் 25ஐ 15 ஆகக் குறைத்தார்கள். கடைநிலை ஊழியரும் தேர்ச்சி உள்ளவரே என்று நூற்றுக்கு 25 கூட்டியதில் 16,945. வீட்டுக்கு நூற்றுக்கு 3 சேர்ந்து 17,469. அறிக்கைக்கும் அமலுக்கும் இடையே ஏறும் விலைக்காக இன்னும் ஒரு 3 சேர்ந்து 17,993. அதை 18,000 என்று முழுமையாக்கினார்கள். ஆறாம் கமிஷனின் 7,000த்தை 2.57ஆல் பெருக்கினால் ஏறத்தாழ இந்தத் தொகை வரும். பழைய சம்பளத்தை எல்லாருக்கும் 2.57ஆல் பெருக்கிப் புதிய சம்பளத்தில் பொருத்தியதன் காரணம் இதுதான்.

அடுக்களையிலிருந்து புறப்பட்ட கணக்கு இது. பேரத்திலிருந்து புறப்பட்டதல்ல.

நம் முன்னோர் போட்ட கணக்கு

அன்புச் சகோதரர்களே! இதைப் படித்தபோது எனக்கு இன்னொரு சம்பவம் நினைவுக்கு வந்தது. கலீபா உமர் (ரலி) அவர்கள் மக்களுக்கு பைத்துல்மாலிலிருந்து மாதப்படி நிர்ணயிக்க விரும்பினார்கள். வாயில் வந்த ஓர் எண்ணை அவர்கள் சொல்லிவிடவில்லை. ஒரு ஜரீப் அளவு மாவைப் பிசைந்து ரொட்டி சுடச் சொன்னார்கள். அதைப் பிய்த்து எண்ணெய் ஊற்றி, முப்பது பேரை அழைத்துக் காலையில் வயிறார உண்ணச் சொன்னார்கள். மாலையிலும் அப்படியே செய்தார்கள். முப்பது பேருக்கு ஒரு வேளைக்கு ஒரு ஜரீப் போதும் என்றால், ஒருவருக்கு முப்பது நாளைக்கு இரு வேளை வீதம் இரண்டு ஜரீப் போதும். அதுவே மாதப்படியாயிற்று. இமாம் அபூ உபைத் அவர்களின் ‘கிதாபுல் அம்வால்’ போன்ற நூல்களில் இச்செய்தி வருகிறது. குன்னூர் ஆய்வுக்கூடத்துக்குப் பதிமூன்று நூற்றாண்டுகளுக்கு முன்னே மதீனாவில் நடந்த ஆய்வு இது.

அதற்கும் முன்னே, அபூபக்ர் (ரலி) அவர்கள் கலீபாவானதும் வழக்கம்போலத் துணி வியாபாரத்துக்குக் கடைவீதி புறப்பட்டார்கள். ஆட்சியையும் வியாபாரத்தையும் ஒன்றாகப் பார்க்க முடியாது என்று உமர் (ரலி) அவர்களும் அபூ உபைதா (ரலி) அவர்களும் தடுத்து, அவர்களுக்குப் படி நிர்ணயிக்க ஏற்பாடு செய்தார்கள். ஆண்டுக்கு 2,000 திர்ஹம் என்றார்கள் என்றும், எனக்குக் குடும்பம் இருக்கிறது, கூட்டுங்கள் என்று அபூபக்ர் (ரலி) அவர்கள் கேட்டதன் பேரில் 500 கூட்டப்பட்டது என்றும் இப்னு ஸஃது அவர்களின் ‘தபகாத்’தில் ஓர் அறிவிப்பு உண்டு. இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். தன் சம்பளத்தைத் தானே முடிவு செய்யாமல் பிறரிடம் விட்டார்கள். குடும்பத்தைச் சொல்லிக் கூட்டிக் கேட்பதைக் குறைவாகவும் நினைக்கவில்லை. இன்று ஒரு மோதினார் கேட்டால் மட்டும் கனாஅத் இல்லாதவர் என்று நாம் சொல்லலாமா?

பொது வேலையில் அமர்த்தப்பட்டவர் மனைவி இல்லாதவரானால் மணமுடித்துக் கொள்ளவும், ஏவலாள் இல்லையானால் ஏவலாளும், வீடு இல்லையானால் வீடும் பெற்றுக் கொள்ளவும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். அதற்கு மேல் எடுத்துக் கொண்டால் அது மோசடி என்றும் எச்சரித்தார்கள். அபூதாவூதில் வரும் ஹதீஸின் கருத்து இது. தேவைக்குக் குறையாமல் தருவது ஒரு கரை. தேவைக்கு மேல் சுருட்டாமல் இருப்பது மறு கரை. கிம்பளம் வாங்கும் சர்க்கார் ஊழியர்கள் இரண்டாவது கரையை மறந்துவிடக் கூடாது.

இங்கே ஒரு மஸ்அலாவையும் தெளிவுபடுத்த வேண்டும். இரண்டு பேர் மனமொப்பிக் கூலி பேசிக் கொண்டால் இஜாரா ஒப்பந்தம் கூடிவிடும். கூலி இவ்வளவு என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். பேசாமல் வேலை வாங்கிவிட்டால் அந்த வேலைக்கு ஊரில் வழங்கும் கூலி, அதாவது உஜ்ரத்துல் மிஸ்ல், கொடுக்க வேண்டும். சந்தை அளவுகோலுக்கும் ஃபிக்ஹில் இடம் உண்டு என்பது உண்மையே. ஆனால் பொதுப் பணத்திலிருந்து பொதுக் காரியத்துக்குக் கொடுக்கப்படும் படியைப் பற்றிப் பேசும்போது நம் இமாம்கள் ‘கிஃபாயா’, அதாவது போதுமான அளவு, என்ற சொல்லையே ஆளுகிறார்கள்.

விலை ஏறினால் என்ன செய்வது?

ஹிஜ்ரி 450இல் மறைந்த ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் மாவர்தீ அவர்கள், ஆட்சிச் சட்டங்களைப் பற்றிய தம் நூலில் படைவீரரின் படியை மூன்றைப் பார்த்து முடிவு செய்யச் சொல்கிறார்கள். அவரை நம்பி வாழ்பவர் எத்தனை பேர், அவர் வைத்திருக்க வேண்டிய குதிரைகள் எத்தனை, குடியிருக்கும் ஊரில் விலைவாசி எப்படி என்பவை அவை. ஆண்டுதோறும் மறுபடி பார்த்து, தேவை கூடினால் கூட்ட வேண்டும் என்றும் சொல்கிறார்கள்.

இன்றைய ஏற்பாட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சென்னை போன்ற பெருநகரில் வேலை பார்ப்பவருக்கும் சிற்றூரில் வேலை பார்ப்பவருக்கும் வீட்டு வாடகைப்படி வேறுபடுகிறது. தொழிலாளருக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணின் பன்னிரண்டு மாதச் சராசரியைப் பார்த்து, ஜனவரிக்கும் ஜூலைக்குமாக ஆண்டுக்கு இருமுறை பஞ்சப்படி திருத்தப்படுகிறது. இப்போது அதை அகவிலைப்படி என்கிறார்கள். கமிஷன் பத்தாண்டுக்கு ஒருமுறை வந்தாலும், இடையில் விலை ஏற ஏறச் சம்பளம் தேய்ந்து போகாமல் பஞ்சப்படி தாங்கிப் பிடிக்கிறது. நமது மோதினாருக்கு நான்கு ஆண்டுகள் எதுவும் ஏறவில்லை என்றால், அவர் சம்பளம் அப்படியே இருந்தது என்று பொருளல்ல. ஆண்டுதோறும் நாம் அதைக் குறைத்து வந்தோம் என்று பொருள்.

ஒரே ஊரில் பல சம்பளம்

இந்த ஏற்பாட்டிலும் குறை இல்லாமல் இல்லை. செங்கல்பட்டையே எடுத்துக் கொள்ளுங்கள். திருமணியில் உள்ள மத்தியத் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம், மாமல்லபுரத்துச் சின்னங்களைப் பராமரிக்கும் தொல்லியல் துறை, கல்பாக்கத்து இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் ஆகியவை மத்திய அரசின் கீழ் வருகின்றன. கலெக்டர் அலுவலகமும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் மாநில அரசின் கீழ் வருகின்றன. மத்தியக் கமிஷனின் முடிவு மாநிலத்தைத் தானாகக் கட்டுப்படுத்தாது. தமிழக அரசு 2017இல் தனி அலுவலர் குழு அமைத்து ஆராய்ந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள் ஆணை பிறப்பித்தது. கடைநிலைச் சம்பளம் 15,700 ஆயிற்று. அதே 2.57 மடங்குதான், ஆனால் பழைய தொகை 6,100ஆக இருந்தது. ஆகவே ஒரே கடையில் அரிசி வாங்கும் இரண்டு கடைநிலை ஊழியருக்கு அடிப்படைச் சம்பளத்தில் 2,300 ரூபாய் வித்தியாசத்தோடு அந்தத் திருத்தம் தொடங்கியது.

இன்னும் ஒரு படி கீழே இறங்கினால், கமிஷனின் கண்ணுக்கே படாதவர்கள் இருக்கிறார்கள். ஒப்பந்தக்காரர் மூலம் தெருக் கூட்டுகிறவர் சர்க்கார் வேலையையே பார்க்கிறார், சர்க்கார் ஊழியர் அல்லர். குறைந்தபட்ச ஊதியச் சட்டம்தான் அவருக்குப் பாதுகாப்பு. 1948ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தின் இடத்தில், 2019இல் இயற்றிய ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21இல் அமலுக்கு வந்தது.

கணக்கிலேயே ஒரு விடுபாடும் உண்டு. கணவன், மனைவி, பிள்ளைகள் இருக்கிறார்கள். வயதான தாய் தகப்பன் எங்கே? வறுமையில் உள்ள பெற்றோரைப் பராமரிப்பது நம் மீது கடமை. மூன்று அளவுக்குப் போட்ட சோற்றில்தான் அத்தாவும் அம்மாவும் சாப்பிட வேண்டியிருக்கிறது. நாம் கணக்குப் போடும்போது அவர்களை விட்டுவிடக் கூடாது.

மஹல்லாவுக்கு உள்ள பாடம்

மீண்டும் அந்தக் கூட்டத்துக்கு வருவோம். பெரியவர் ஒரு தாளை எடுத்தார். பொருள்களின் பெயரையும் அளவையும் எழுதி, “நம்ம கடைத்தெரு விலையை நீங்களே சொல்லுங்கள் பாய்” என்று, ‘வேறு ஆள் வருவார்’ என்று சொன்னவரிடமே கேட்டார். அவர் மளிகை வியாபாரி. அரிசி, பருப்பு, எண்ணெய் என்று வரிசையாகச் சொல்லிக் கொண்டே வந்தார். எண்ணெய்க்கு வந்தபோது குரல் இறங்கியது. துணிக்கும் வாடகைக்கும் வருமுன்னே, கொடுத்துவந்த சம்பளத்தைத் தொகை தாண்டிவிட்டது. பெரியவர் கூட்டுத் தொகையை வாய்விட்டுச் சொல்லவில்லை. தாளை அவர் பக்கம் தள்ளினார்.

சிறிது நேரம் கழித்து அவரே, “இவ்வளவும் நம் பள்ளிக்குத் தாங்காதே ஹஜ்ரத்” என்றார். நியாயமான பேச்சு. அரசாங்கக் கமிஷனும் கஜானாவைப் பார்க்கத்தான் செய்கிறது. ஆனால் ‘இவ்வளவு கொடுக்க வேண்டும், நம்மால் இவ்வளவுதான் முடிகிறது’ என்பது வேறு, ‘இவ்வளவுதான் இவருக்குப் பெறும்’ என்பது வேறு. முதலாவதில் ஒரு கடன் உணர்வு இருக்கிறது. இரண்டாவதில் அது செத்துப் போகிறது.

முடிவில் மூன்று காரியங்கள் ஒப்புக்கொள்ளப்பட்டன. இயன்ற அளவு சம்பளம் உடனே கூட்டப்படும். ஒவ்வொரு ஆண்டும் ஷஃபான் மாதத்தில் அதே தாளை எடுத்து, புது விலையைப் போட்டுத் திருத்த வேண்டும். அவர் வந்து கேட்கும்வரை காத்திருக்கக் கூடாது. மீதிக்குறை தீரும்வரை லுஹருக்கும் அஸருக்கும் இடைப்பட்ட நேரத்தில் அவர் வேறு தொழில் பார்க்கலாம், அந்த நேரத்தில் பள்ளி வேலை சொல்லி யாரும் கூப்பிடக் கூடாது. தொகை முழுதாக நிறைந்துவிடவில்லை. ஆனால் அளவுகோல் மாறியது.

சகோதர, சகோதரிகளே! கமிஷன் அமைக்க நம்மிடம் அதிகாரம் இல்லை. ஆனால் நாம் ஒவ்வொருவரும் யாருக்கோ சம்பளம் நிர்ணயிக்கிறோம். பள்ளிக்கு மோதினார், மக்தபுக்கு உஸ்தாத், கடைக்குப் பையன், வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்கும் அம்மா. அவர்களுக்குக் கொடுக்கும் தொகையை ஒருமுறை தாளில் எழுதிப் பக்கத்தில் அரிசியின் விலையையும் எழுதிப் பாருங்கள். வேலையை முழுதாக வாங்கிக் கொண்டு கூலியைக் கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹு தஆலா எச்சரித்திருக்கிறான் என்று புகாரியில் வரும் ஹதீஸ் நமக்குத் தெரியும். கொடுத்தோம் என்று நாம் நிம்மதியாக இருக்கும் கூலியும், ஒரு குடும்பத்தின் பசிக்கு முன்னே குறைந்து நிற்கலாம் என்ற அச்சம் நமக்கு வேண்டும்.

பிறர் உழைப்பை அளக்கும்போது குறைக்காத கையை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.